அப்பா அம்மைய விட நாம எவ்வளவு மேல படிச்சிருக்கோம்? ஒரு கட்டு கல்யாண கார்டை வச்சு விளக்கம்

போன மாசம் வெள்ளையடிக்கணும்னு மச்சுல கெடந்த ட்ரங்க் பெட்டிய கீழ எறக்கினோம், உள்ள ஒரு கட்டு கல்யாண கார்டு ரப்பர் பேண்ட் போட்டு கெடந்துச்சு. அம்மை ஒரு கார்டையும் கீழ போடமாட்டா. வந்த வேலைய விட்டுட்டு தரையில உக்காந்து ஒண்ணு ஒண்ணா பாக்க ஆரம்பிச்சேன். எங்க கன்னியாகுமரி மாவட்டத்து கார்டு பாத்தவங்களுக்கு தெரியும், பேருக்கு பின்னாடி டிகிரி போடாம கார்டு அடிக்க மாட்டாங்க, பொண்ணு மாப்பிள்ளைக்கு மட்டுமில்ல, அப்பாவுக்கு, அண்ணனுக்கு, சில கார்டுல மாமாவுக்கும் போட்டிருப்பாங்க. எங்க அப்பா அம்மை கல்யாணம் 1979. அந்த கார்டுல அப்பா பேருக்கு பக்கத்துல எஸ்.எஸ்.எல்.சி.ன்னு இருக்கு, அம்மை பேருக்கு பக்கத்துல ஒண்ணும் இல்ல, பாட்டா, அதாவது தாத்தா, பேருக்கு பக்கத்துலயும் ஒண்ணும் இல்ல. அக்கா கல்யாண கார்டுல பி.இ., மாப்பிள்ளை எம்.சி.ஏ. இப்ப வந்த ஒரு கார்டுல பொண்ணுக்கு எம்.எஸ்சி., பி.எட்., எம்.ஃபில்.னு போட்டு, இடம் பத்தாம பேரு ரெண்டாவது வரிக்கு போயிருச்சு.

இந்த மூணு கார்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாக்கிறீங்கள்ல, இதத்தான் ஆராய்ச்சி பண்றவங்க இன்டர்ஜெனரேஷனல் மொபிலிட்டின்னு பெரிய பேரு வச்சு கூப்பிடுறாங்க. தமிழ்ல தலைமுறைகளுக்கு இடையிலான கல்வி நகர்வுன்னு சொல்லலாம். விஷயம் சிம்பிள்தான், வளந்து படிப்பு முடிச்ச ஒருத்தர் எந்த லெவல் வரைக்கும் படிச்சிருக்காரு, அவரோட அப்பா அம்மை எந்த லெவல் வரைக்கும் படிச்சிருந்தாங்க, ரெண்டையும் ஒப்பிட்டு பாக்கணும். மேல போயிருந்தா ஏற்றம், அதே லெவல்னா அப்படியே, கீழன்னா இறக்கம். அவ்வளவுதானான்னு கேட்டா அவ்வளவுதான். ஆனா இத எண்ண ஆரம்பிச்சா ஒவ்வொரு எடத்துலயும் ஒரு முடிச்சு இருக்கு, அத அவிழ்க்காம "எங்க மாவட்டம் படிச்ச மாவட்டம்"னு சாயா கடையில உக்காந்து பேசுறதுல அர்த்தமில்ல.

முதல் முடிச்சு, லெவல்னா என்ன. ஓ.இ.சி.டி.ன்னு பணக்கார நாடுங்க சேந்து வச்சிருக்கிற அமைப்பு பெரியவங்களோட திறன பத்தி ஒரு சர்வே எடுக்குது, 2011-12ல முதல் சுத்து, 2022-23ல ரெண்டாவது சுத்து, இந்தியா அதுல இல்ல. அதுல அப்பா அம்மை படிப்ப மூணு படியா பிரிக்கிறாங்க. நம்ம கணக்குக்கு மாத்தி சொன்னா, பிளஸ் டூ கூட முடிக்காதவங்க ஒரு படி, பிளஸ் டூ முடிச்சவங்க ஒரு படி, காலேஜ் முடிச்சவங்க ஒரு படி. உலக வங்கி 2018ல இதே விஷயத்துக்கு ஒரு ரிப்போர்ட் போட்டப்ப அஞ்சு படியா பிரிச்சாங்க, ஏன்னா அவங்க ஏழை நாடுகளையும் சேத்து பாத்தாங்க, அங்க ஆரம்பப் பள்ளி முடிச்சவருக்கும் முடிக்காதவருக்கும் உள்ள வித்தியாசமே பெருசு.

படி எத்தன வைக்கிறோம்ங்கிறதுலயே பதில் மாறிடும். எங்க பாட்டா அஞ்சாங்கிளாஸ், பனையேறுவாரு, பதநீ காய்ச்சி கருப்பட்டி போடுறது பாட்டி, அவ பள்ளிக்கூட வாசல் பாத்ததில்ல. அப்பா எஸ்.எஸ்.எல்.சி. இப்ப உள்ள பத்தாங்கிளாஸ் இல்ல கேட்டியளா, பழைய எஸ்.எஸ்.எல்.சி. பதினொண்ணாங்கிளாஸ், அதுக்கு மேல பி.யு.சி.ன்னு ஒரு வருஷம் காலேஜ்ல படிக்கணும், 1978லதான் பத்து பிளஸ் ரெண்டுன்னு மாத்துனாங்க. அப்ப எங்க அப்பாவ எந்த படியில வைக்கிறது? மூணு படி கணக்குல பாத்தா பி.யு.சி. இல்லாததால பாட்டா நின்ன அதே கீழ் படியிலதான் அப்பாவும் நிக்கிறாரு, அஞ்சு வருஷமும் பதினோரு வருஷமும் ஒண்ணுன்னு ஆயிடுது. அஞ்சு படி கணக்குல அவரு தெளிவா மேல. வருஷத்த எண்ணினா ஆறு வருஷம் அதிகம். மனுஷன் அதே மனுஷன்தான், அளக்கிற கோல்தான் வேற. எட்டாங்கிளாஸ் முடிச்சு ட்ரெய்னிங் போயி ஹையர் கிரேட் வாத்தியாரா இருந்தவங்க எங்க ஊருல நெறைய பேரு உண்டு, அவங்கள எங்க வைக்கிறதுன்னு யோசிச்சா தல சுத்தும்.

ரெண்டாவது முடிச்சு, அப்பாவா அம்மையா? பொதுவா ரெண்டு பேருல யாரு அதிகம் படிச்சாங்களோ அவங்க லெவல எடுப்பாங்க. பழைய சர்வே நெறையதுல அப்பா படிப்ப மட்டும்தான் கேட்டாங்க. எங்க வீட்டுல அம்மைகிட்ட கேட்டா "எட்டு"ன்னு சொல்லுவா, இத்தன வருஷமா நானும் எட்டுன்னுதான் ஃபாரம்ல எழுதிட்டு இருந்தேன். இந்த கட்டுரைக்காக திரும்ப கேட்டப்பதான் "இல்ல மக்கா, ஏழுதான் பாஸு, எட்டுக்கு புஸ்தகம் வாங்கி பழைய பேப்பர்ல அட்டையும் போட்டாச்சு, பள்ளிக்கூடம் தொறக்கதுக்குள்ள அண்டியாபீஸ்ல ஆளெடுத்தாங்க"ன்னு சொன்னா. வெளியூர்க்காரங்களுக்கு சொல்றேன், அண்டியாபீஸ்னா முந்திரி ஃபேக்டரி, எங்க பக்கத்துல பொம்பளையளுக்கு அதுதான் ரொம்ப காலமா கூலி குடுத்த எடம். அண்டி தல்லி தல்லி விரல்ல கறை பிடிச்சா சோப்பு போட்டாலும் போகாது, கல்யாண ஃபோட்டோவுல கூட அம்மை கைய மடக்கிதான் வச்சிருக்கா. அட்டை போட்ட அந்த எட்டாங்கிளாஸ் புஸ்தகத்த வேற ஒரு பிள்ளைக்கு குடுத்துட்டாங்களாம். இதுல ரெண்டு விஷயம் இருக்கு, ஒண்ணு, பிள்ளைங்ககிட்ட அப்பா அம்மை படிப்ப கேட்டா வர்ற பதில்ல கொஞ்சம் மேல கீழ இருக்கும். இன்னொண்ணு, எங்க அக்காவ அப்பாவோட ஒப்பிட்டா பதினோரு வருஷத்துல இருந்து பதினாறு வருஷம், அம்மையோட ஒப்பிட்டா ஏழுல இருந்து பதினாறு. அப்பா படிப்ப மட்டும் கேட்ட சர்வேக்கு இந்த ரெண்டாவது தாவல் கண்ணுலயே படாது, என்னைக் கேட்டா எங்க மாவட்டத்துல நடந்ததுல பெரிய சங்கதியே அதுதான்.

இனி முக்கியமான எடம், இங்கதான் எல்லாரும் குழம்புறாங்க, நானும் ரொம்ப நாள் குழம்பிதான் இருந்தேன். "அப்பாவ விட பிள்ள அதிகமா படிச்சிருக்கா"ங்கிறது ஒரு கேள்வி. "பிள்ள எவ்வளவு படிக்கும்ங்கிறத அப்பா படிப்பு எவ்வளவு முடிவு பண்ணுது"ங்கிறது வேற கேள்வி. முதல் கேள்விக்கு முழு ஏற்றம்னு பேரு, ரெண்டாவதுக்கு ஒப்பீட்டு ஏற்றம்னு பேரு. ரெண்டும் ஒண்ணு மாதிரி தெரியும், ஒண்ணு இல்ல.

கல்யாணத்துல பந்தி இருக்குல்ல, அத நெனச்சுக்கோங்க. ஒரு காலத்துல பாதி பேருக்கு எலையே கெடையாது, இப்ப எல்லாருக்கும் எல உண்டு, பருப்பு, சாம்பார், புளிசேரி, போளி, பாயாசம் எல்லாம் உண்டு. இது முழு ஏற்றம். ஆனா முதல் பந்தியில யாரு உக்காருறாங்கன்னு பாருங்க, பாட்டா காலத்துல முதல் பந்தியில இருந்த அதே வீட்டுப் பிள்ளைங்கதான் இன்னைக்கும் முதல் பந்தியில இருந்தா, எல்லாருக்கும் சாப்பாடு கெடச்சாலும் வரிசை அசையல. வரிசை அசையுதா இல்லையாங்கிறதுதான் ஒப்பீட்டு ஏற்றம்.

நம்பர் போட்டு பாத்தா இன்னும் தெளிவாகும். இது கற்பனை கணக்கு, சர்வே இல்ல. பக்கத்து பக்கத்துல ரெண்டு தெரு, ஒவ்வொண்ணுலயும் இருபது வீடு, வீட்டுக்கு ஒரு பிள்ள. ரெண்டு தெருவுலயும் அப்பா அம்மை படிப்பு ஒரே மாதிரி, பத்து வீட்டுல பிளஸ் டூக்கு கீழ, ஆறு வீட்டுல பிளஸ் டூ, நாலு வீட்டுல டிகிரி. மேலத் தெருவுல கீழ் பத்து வீட்டுப் பிள்ளைங்களும் பிளஸ் டூ முடிச்சாச்சு, ஆனா அதோட நின்னாச்சு. பிளஸ் டூ வீட்டு ஆறு பிள்ளைங்களும் டிகிரி, டிகிரி வீட்டு நாலும் டிகிரி. எண்ணுங்க, இருபதுல பதினாறு பேரு அப்பா அம்மைய விட மேல, ஒருத்தரு கூட கீழ எறங்கல.

கீழத் தெருவுல கத வேற. கீழ் பத்து வீட்டுல நாலு பிள்ள டிகிரி, நாலு பிளஸ் டூ, ரெண்டு பேரு படிப்ப பாதியில விட்டாச்சு. பிளஸ் டூ வீட்டு ஆறுல மூணு டிகிரி, மூணு பிளஸ் டூ. டிகிரி வீட்டு நாலுல மூணு டிகிரி, ஒருத்தன் பிளஸ் டூவோட கெளம்பி துபாய் போயிட்டான். இங்க மேல போனது பதினொண்ணு, அப்படியே நின்னது எட்டு, எறங்கினது ஒண்ணு.

ரெண்டு தெருவுலயும் டிகிரி முடிச்ச பிள்ளைங்க பத்து பேருதான். மேல போன எண்ணிக்கைய மட்டும் பாத்தா மேலத் தெரு கொள்ளாம்னு தோணும், பதினாறு பெருசா பதினொண்ணு பெருசா. ஆனா படிக்காத வீட்டுல பொறந்த ஒரு பிள்ள டிகிரி வாங்குற வாய்ப்ப பாருங்க, மேலத் தெருவுல பத்துக்கு சைபர், கீழத் தெருவுல பத்துக்கு நாலு. நான் பொறக்கப் போற தெருவ நானே தேர்ந்தெடுக்கலாம்னா, வீடு எதுன்னு தெரியாதுன்னா, கீழத் தெருவுக்குத்தான் போவேன். "80 சதவீதம் பேரு பெற்றோர விட அதிகம் படிச்சிருக்காங்க"ன்னு ஒரு தலைப்பு செய்தி வந்தா அது மேலத் தெருவாவும் இருக்கலாம்ங்கிறத மறந்துடக் கூடாது.

இந்த ரெண்டாவது கேள்விய ஒத்த நம்பர்ல சொல்றதுக்கு ஒட்டுறவு கெழு, அதாவது கோரிலேஷன்னு ஒண்ணு வச்சிருக்காங்க. சைபர்னா அப்பா படிப்ப வச்சு பிள்ள படிப்ப யூகிக்கவே முடியாது, ஒண்ணுன்னா வரிசை அச்சு மாறாம அப்படியே இருக்கு. 42 நாடுகளோட அம்பது வருஷ டேட்டாவ வச்சு 2007ல வந்த ஒரு ஆய்வுல சராசரி 0.4 கிட்ட வந்துச்சு, அம்பது வருஷத்துல அது பெருசா அசையவே இல்லைங்கிறதுதான் அதுல என்னை நிமிர்ந்து உக்கார வச்ச விஷயம். உலகம் முழுக்க பள்ளிக்கூடம் கட்டியாச்சு, சோறு போட்டாச்சு, எல்லாரும் மேல வந்தாச்சு, பந்தி வரிசை மட்டும் ஏறக்குறைய அப்படியே. லத்தீன் அமெரிக்க நாடுகள்ல அந்த நம்பர் 0.6 வாக்குல இருந்துச்சு, வட ஐரோப்பாவுல ரொம்ப கம்மி.

செரி, எங்க மாவட்டத்துக்கு வாறேன். 2011 சென்சஸ்ல கன்னியாகுமரி மாவட்ட எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டுலயே முதலிடம், மாநில சராசரி 80 வாக்குல. 2001லயே 87.55 இருந்துச்சு. ஆனா எழுத்தறிவுங்கிறது ஏழு வயசுக்கு மேல உள்ளவங்க ஏதாவது ஒரு மொழியில புரிஞ்சு எழுதப் படிக்கத் தெரியுமான்னு மட்டும் பாக்குற கணக்கு, எங்க பாட்டாவும் எம்.ஃபில். முடிச்ச பொண்ணும் அதுல ஒரே புள்ளிதான். அத வச்சு ஏற்றத்த பேச முடியாது. அது சொல்றது ஒண்ணுதான், ஏணியோட கீழ் படி இங்க மத்த எடத்த விட சீக்கிரமே போட்டாச்சு.

ஏன் சீக்கிரம்னா அதுக்கு ஒரு நீண்ட கத இருக்கு. 1956 நவம்பர் 1 வரைக்கும் நாங்க திருவிதாங்கூர் பக்கம். அங்க 1817லயே ராணி கௌரி பார்வதி பாய் காலத்துல கல்விச் செலவ அரசே ஏத்துக்கணும்னு உத்தரவு வந்தாச்சு. அதுக்கு முன்னாடியே ரிங்கல்தௌபேங்கிற மிஷனரி மயிலாடி வந்து பள்ளிக்கூடம் தொடங்கியாச்சு, பொறவு மீட்ங்கிற இன்னொரு மிஷனரி நாகர்கோவில்ல செமினரி ஆரம்பிச்சாரு, அதுல இருந்து வளந்ததுதான் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, 1893ல கல்லூரி ஆச்சு. உத்தரவு போட்டா எல்லாரும் உள்ள வந்துட்டாங்கன்னு இல்ல. தோள்ல சீல போடுறதுக்கே 1859 வரைக்கும் எங்க ஊரு பொம்பளைங்க அடிபட வேண்டியிருந்துச்சு, அந்த நாட்டுல பெஞ்சுல யாரு உக்காரலாம்ங்கிறது சும்மா முடிவான விஷயம் இல்ல. அதனால படி எல்லா வீட்டு வாசலுக்கும் ஒரே நாள்ல வந்து சேரல. மிஷன் பள்ளிக்கூடம் பக்கத்துல இருந்த குடும்பத்துல இப்ப நாலாவது தலைமுறை டிகிரி, பேச்சிப்பாறைக்கு மேல உள்ள காணி பழங்குடி குடியிருப்புல இப்பதான் முதல் தலைமுறை, கடற்கரையில பொண்ணு காலேஜ் போவா, அவ தம்பி பாதியில விட்டுட்டு வள்ளத்துல ஏறியிருப்பான். மாவட்ட சராசரிய பாத்தா இது ஒண்ணும் தெரியாது.

இந்தியா முழுசுக்கும் இத பாத்த ஒரு ஆய்வு இருக்கு, படிப்புல கீழ் பாதியில உள்ள குடும்பங்கள்ல பொறந்த பையன்க எவ்வளவு மேல வர்றாங்கன்னு கணக்கு போட்டுச்சு. மொத்தமா பல பத்தாண்டா பெரிய அசைவு இல்ல, ஆனா உள்ள பிரிச்சு பாத்தா தலித், பழங்குடி குடும்பத்து பையன்களுக்கு வாய்ப்பு ஏறியிருக்கு, முஸ்லிம் குடும்பத்து பையன்களுக்கு எறங்கியிருக்கு. ரெண்டும் ஒண்ண ஒண்ணு சரிக்கட்டி சராசரி நகராத மாதிரி காட்டுது. பையன், பையன்னு சொல்றேனே, பொண்ணு எங்கன்னு கேக்கலாம். பெரும்பாலான சர்வே ஒரு வீட்டுல இப்ப யாரு இருக்காங்களோ அவங்களத்தான் எண்ணும், கல்யாணம் ஆன பொண்ணு வேற வீட்டுல இருப்பா, அங்க போனா அவ அப்பா அம்மை இருக்க மாட்டாங்க.

எங்க தெருவுக்கு அந்த மாதிரி ஒரு சர்வேக்காரர் வந்தா என்ன ஆகும்னு நெனச்சுப் பாருங்க. அக்கா பெங்களூர்ல, தம்பி மஸ்கட்ல, எதிர்வீட்டு ரெண்டு பிள்ளைங்களும் கனடாவுல. வீட்டுல இருக்கிறது அப்பா, அம்மை, பிளஸ் டூவோட நிறுத்திட்டு ரப்பர் பால் வெட்டுற சித்தப்பா மவன். அவரு நோட்டுல எழுதிட்டு போறது வேற குடும்பம். அதனால இப்பல்லாம் நல்ல சர்வேல, ஒரே வீட்டுல இருக்கிறவங்கள வச்சு எண்ணாம, பெரியவங்ககிட்டயே "உங்க அப்பா என்ன படிச்சாரு, அம்மா என்ன படிச்சாங்க"ன்னு நேரா கேட்டுடுறாங்க. அதுலயும் ஒரு வேடிக்க உண்டு, எங்க பாட்டாவுக்கு பிள்ளைங்க ஏழு, ஏழு பேருகிட்டயும் கேட்டா அவரு அஞ்சாங்கிளாஸ் ஏழு தடவ பதிவாகும், ஒத்தப் பிள்ள பெத்த வாத்தியாரு ஒரு தடவதான். வயசும் பாக்கணும், பத்தொம்பது வயசு பையன புடிச்சு அப்பாவோட ஒப்பிட்டா அவன் இன்னும் படிச்சு முடிக்கல, அதான் 25 வயசுக்கு மேல உள்ளவங்கள எடுக்கிறது. 25ல இருந்து 34 வரை உள்ளவங்க ஒரு கூட்டம், 55ல இருந்து 64 வரை ஒரு கூட்டம்னு பிரிச்சு பாத்தா, காலம் போகப் போக ஏற்றம் கூடுதா குறையுதான்னு ஒரே சர்வேலயே கண்டுபிடிச்சிடலாம்.

நம்ம ஊருல இந்த கணக்க அரசாங்கமே ஒரு விதத்துல போடுது, முதல் பட்டதாரி சான்றிதழ். 2010ல இருந்து இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல டியூஷன் ஃபீஸ் சலுகைக்காக வந்தது. ஆனா அது பாக்குறது குடும்பத்துல முதல் ஆளா இல்லையான்னு. எங்க சித்தப்பா வீட்டுல மூத்தவளுக்கு சான்றிதழ் கெடச்சுது, மூணு வருஷம் கழிச்சு தம்பி இன்ஜினியரிங் சேந்தப்ப அக்காவுக்கு ஏற்கனவே குடுத்தாச்சேன்னு கெடையாதுன்னுட்டாங்க. ஆராய்ச்சி கணக்குல ரெண்டு பேரும் சமம், அதே அப்பா அம்மை, அதே தாவல். சான்றிதழ் கணக்குல ஒருத்தி மட்டும்தான். சித்தி ரெண்டு நாள் யாருகிட்டயும் பேசல, அந்த ஃபீஸுக்கு செயினு அடகுக்கு போச்சு.

இன்னொண்ணு சொல்லியே ஆகணும், படி வேற, சம்பளம் வேற. கீழத் தெருவுல துபாய் போனான்னு சொன்னேனே, கணக்குப்படி அவன் இறக்கம், அவன் கட்டுன வீட்ட பாத்தா அப்படி சொல்ல வாய் வராது. பழைய எஸ்.எஸ்.எல்.சி.க்கு அப்பாவுக்கு கவர்மெண்ட் உத்தியோகம் கெடச்சுது, பி.இ. முடிச்ச பிள்ள அதே உத்தியோகத்துக்கு குரூப் ஃபோர் எழுதிட்டு இருக்கு. எல்லாரும் ஒரு படி ஏறினா ஒவ்வொரு படிக்கும் உள்ள மதிப்பு குறையும், இது படிப்பு ஏற்றத்த மட்டும் அளக்குற கோல்ல தெரியாது.

கடைசியா ஒரு முடிச்சு பாக்கி. ரெண்டாவது வரிக்கு போன அந்த எம்.எஸ்சி., பி.எட்., எம்.ஃபில். பொண்ணுக்கும் அவ மாப்பிள்ளை எம்.டெக்.குக்கும் இனி பொறக்கப் போற பிள்ளை எவ்வளவு படிச்சாலும் மூணு படி கணக்குல "ஏற்றம்" ஆகவே முடியாது, மேல படியே கெடையாது, டாக்டரேட் வாங்கினாலும் "அப்படியே"தான். மச்சு மோடு தலைல இடிக்கிற மாதிரி. படிச்ச வீடு நெறஞ்ச ஊருல ஏற்றம் வருஷா வருஷம் குறையிற மாதிரி காட்டுறதுக்கு இதுவும் ஒரு காரணம், அதனால அந்த மாதிரி பிள்ளைங்கள தனியா எடுத்து வச்சு, டிகிரி இல்லாத வீட்டுப் பிள்ளைங்கள மட்டும் எண்ணி பாக்கிற வழக்கமும் உண்டு.

கார்டு எல்லாத்தையும் திரும்ப கட்டி வைக்கும்போது அம்மை வந்து அவ கல்யாண கார்டை மட்டும் உருவி எடுத்தா. "எட்டுன்னு போட்டிருக்கலாம், அட்டையெல்லாம் போட்டேன்லா"ன்னு சொல்லிட்டு பெட்டிக்குள்ள வச்சா.